மூடிக்குள் ஒட்டிய படம்

அரசாங்கம் என் பெயரை இதுவரை நான்கு காகிதங்களில் எழுதியிருக்கிறது. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், நான்காவதாகக் காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை. முதல் மூன்றிலும் பெயரில் பிழை. நான்காவதில் பெயர் மட்டும் சரியாக இருந்தது. மற்றதெல்லாம் பிழை என்று பதினொரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

நான் தேனி பஜாரில் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிறவன். கீழே கடை, மாடியில் பட்டறை. காதுகுத்து, கல்யாணம், கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் என்று பள்ளத்தாக்கில் எங்கே மைக் செட் கட்டினாலும் அங்கே என் பெட்டி ஒன்று இருக்க வாய்ப்புண்டு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தேன். கணக்கில் அரியர் வைத்து, அதையும் இரண்டாம் தடவையில் எழுதி முடித்தேன். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடத்துக்கு மேல் நான் விஞ்ஞானியாக நடமாடினேன்.

டிஜிட்டல் ஆம்ப் என்று நாங்கள் சொல்லும் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய ஆம்ப் மாதிரி அது பாட்டை அப்படியே பெரிதாக்குவதில்லை. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன், ஆஃப் என்று துடிக்கிற துண்டுகளாக நறுக்கிவிடும். சத்தம் கூடினால் துண்டு அகலமாகும், குறைந்தால் ஒடுங்கும். எந்தத் துண்டு எவ்வளவு அகலம் என்பதை, உள்ளே ஓடுகிற ஒரு முக்கோண அலையோடு பாட்டை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யும். கடைசியில் ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து அந்தத் துண்டுகளை மறுபடி பாட்டாக்கிக் குழாய் ஸ்பீக்கருக்கு அனுப்பும். இதற்கு மேல் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. எனக்கே பாதி, காப்புரிமை அலுவலகத்துப் பரிசோதகர் எழுதிய பிறகுதான் புரிந்தது.

திருவிழாக் களத்தில் இதற்கு ஒரு கஷ்டம் உண்டு. ஜெனரேட்டர் ஒன்றுதான் இருக்கும். சீரியல் லைட்டும் அதில்தான், ஆம்பும் அதில்தான், சமையல் பந்தலில் மாவரைக்கிற கிரைண்டரும் அதில்தான். கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் இறங்கும், சாமி பாட்டும் கூடவே இறங்கும். தேவதானப்பட்டிப் பக்கம் ஓர் ஊர்ப் பொங்கலில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறதோ, அந்த முக்கோண அலையையும் அதே அளவுக்குச் சின்னதாக்கிவிட்டால் பாட்டு இறங்காது அல்லவா? இலையை அப்படியே விட்டு எழுந்தேன். அந்த ஊரில் கறிக்குழம்பை விட்டு எழுந்து போன ஒரே ஆள் நான்தான் என்று இன்னமும் சொல்கிறார்கள்.

செய்து பார்த்தேன். பாட்டு இறங்கவில்லை. ஆனால் கிரைண்டரை நிறுத்தியதும் வோல்டேஜ் எகிறும். முக்கோண அலை சுதாரித்துக்கொள்வதற்குள் குழாய் ஸ்பீக்கருக்குள் சத்தம் எழுப்புகிற யூனிட் பொரிந்துபோகும். ஒரு சித்திரை மாதத்தில் மட்டும் ஏழு யூனிட் போனது. அதற்கும் வழி கிடைத்தது. அலை சின்னதாகும்போது மெதுவாகச் சின்னதாக வேண்டும், பெரிதாகும்போது உடனே பெரிதாக வேண்டும். ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர் போதும். இதையும் நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் அப்போது நம்பினேன். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆம்ப் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியின் மேல்மூடிக்குள், உட்புறமாக, சர்க்யூட் படத்தை ஒட்டிவைப்போம். கூடலூரில் விழா நடக்கையில் பெட்டி படுத்துவிட்டால் அதைத் தேனிக்குத் தூக்கி வர நேரமிருக்காது. பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறாரோ அவர் மூடியைக் கழற்றுவார், படத்தைப் பார்ப்பார், சரி செய்வார். யார் செய்த பெட்டியை யார் திறந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவார்கள். நான் இந்தப் புது டிசைனுக்குக் கலரில் அச்சடித்து லேமினேட் செய்து ஒட்டினேன். உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே குலதெய்வம் துணை, அப்புறம் ஆடி மாதத்தில் ஒரு தேதி, பெரிய எழுத்தில். கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, ‘யாரும் பார்க்கலாம். புரியாவிட்டால் போன் செய்யவும்’ என்று ஒரு வரி. புரியாது, போன் செய்வார்கள் என்ற ஆசைதான்.

அடுத்த தை மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மனைவி பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வீட்டிலேயே இருந்த அந்த ஒரு நல்ல துணையையும் கேட்கவில்லை. கிடைத்த பிறகு காட்டி அவளை அசத்த வேண்டும் என்று, கூகுளை வைத்துக்கொண்டு நானே எழுதினேன். கிளெய்ம் என்று ஒரு பகுதி உண்டு. இன்னின்னது எனக்கே சொந்தம் என்று கோருகிற வரிகள். என்னுடைய நான்காவது கிளெய்ம், ‘கேட்பதற்கு மிகவும் இனிமையான ஒலி’. ஐந்தாவது, ‘விழா முடியும்வரை மரியாதையாக ஓடுவது’. டயோடு சமாசாரம் ஆறாவது. படமாக, மூடிக்குள் ஒட்டின அதே படத்தைப் பிள்ளையார் சுழியோடு ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

அனுப்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியின் முகப்பில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ என்று வால்யூம் குமிழைவிடப் பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டினேன். கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர் வருகிறவர்களிடமெல்லாம், “பொட்டிப்புரத்து மலையக் குடைஞ்சு நியூட்ரினோ ஆராய்ச்சி பண்ண விஞ்ஞானிக வரப்போறாகன்னு பேசிக்கிட்டாக. இங்கன பாருங்க, ஒருத்தர் முன்னாடியே வந்து கடை போட்டுட்டாக” என்று சொல்வார். கிண்டல் என்று தெரியும். இருந்தும் எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் அவரே சொல்ல மறந்தபோது, வந்த ஆளிடம் நானாகப் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். ரகசியம் காக்க வேண்டுமே என்று மூடிக்குள் படம் ஒட்டுவதை நிறுத்தினேன். அதோடு விட்டேனா? போர்டில் அந்த டயோடு இருக்கும் மூலை முழுக்க, காய்ந்தால் கல்லாகிவிடும் கறுப்பு எபாக்ஸியை ஊற்றி மூடினேன். ஆறு மாதமாக ஊருக்கெல்லாம் படம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பூட்டினேன். பூட்டும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை.

முதலில் வருத்தப்பட்டவர் கம்பத்துத் தம்பி. கம்பத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்பதால் எனக்குத் தம்பி. கம்பம், கூடலூர், குமுளி என்று அந்தப் பக்கத்து மைக் செட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அவர்தான் வைத்தியர். குமுளிக்காரர்களுக்காக மலையாளமும் கலந்து பேசி, பழுது பார்ப்பதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவார். படம் ஒட்டாத முதல் பெட்டி அவரிடம் போன அன்றே போன் செய்தார்.

“அண்ணே, மூடிக்குள்ள படத்தக் காணோமே. உள்ள கறுப்பா வேற எதையோ ஊத்தியிருக்கீக?”

அது கம்பெனி ரகசியம் என்று சொன்னேன். நானும் இரண்டு ஆட்களும் ஒரு சால்டரிங் ஸ்டேஷனும் சேர்ந்ததுதான் அந்தக் கம்பெனி. அவர் சரிண்ணே என்று வைத்துவிட்டார். நானும் பெருமையாகத்தான் போனை வைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியாத ஒன்று. இந்த டிசைனில் தேனி, ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஆரம்பம் முதலே ஒரு புகார் வந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் திக்கும்போது பாட்டும் சேர்ந்து ஆடுகிறது என்பார்கள். ஜெனரேட்டரைப் பாருங்கள், என் பெட்டி மேல் பழி போடாதீர்கள் என்று நானும் எரிந்து விழுவேன். கம்பம் பக்கமிருந்து மட்டும் ஒரு புகாரும் வந்ததில்லை. அந்தப் பக்கத்து ஜெனரேட்டர்கள் நல்லவை என்று முடிவு கட்டினேன். எபாக்ஸி ஊற்ற ஆரம்பித்த பிறகு கம்பத்திலிருந்தும் அதே புகார் வந்தது. ஜெனரேட்டர்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசோதனை அறிக்கை இரண்டு வருடம் கழித்து மெயிலில் வந்தது. முதல் பக்கத்திலேயே என் இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மனைவியிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடியே அறிக்கையையும் வாசித்தாள்.

அறிக்கையை எழுதியவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது என்பது போகப் போகப் புரிந்தது. ஆனால் எவ்வளவு பொறுமைசாலி! ‘இனிமையான ஒலி’ யாருடைய காதுக்கு, எந்த அளவுகோலில் என்று கேட்டிருந்தார். ‘மரியாதையாக’ என்பது சர்க்யூட்டின் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தார். படத்தின் உச்சியில் வளைவாக ஒரு குறி இருக்கிறது, அது எந்த இடத்தோடும் இணைக்கப்படவில்லை, அதன் வேலை என்ன என்று விவரிக்கப்படவில்லை என்று பிள்ளையார் சுழிக்குத் தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தார். மனைவி அங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை.

விஷயம் அதற்குப் பிறகுதான் இருந்தது. முன்பே வெளியானவை என்று மூன்று ஆதாரங்களைக் காட்டியிருந்தார். முதலாவது ஒரு வெளிநாட்டுக் காப்புரிமை. வோல்டேஜுக்குத் தகுந்தாற்போல் முக்கோண அலையைச் சின்னதாக்குவது என் கல்யாணத்துக்கு முன்பே அதில் இருந்தது. எங்கோ ஒருவர் எனக்கு முன்பே இதை யோசித்துவிட்டார், கறிக்குழம்பை விட்டு எழுந்திருக்காமலேயே. இரண்டாவது, என் பெட்டியில் நானே போடுகிற ஐசி-யோடு வருகிற விவரக் கையேடு. அதில் இதைப் பற்றி ஒரு பக்கமே இருந்தது. பல வருடமாக அந்தக் கையேடு என் மேஜையில்தான் கிடந்தது. டீ டம்ளர் வைத்து வைத்து அந்தப் பக்கத்தில் வட்டம் வட்டமாகக் கறை.

டயோடு போட்ட ஆறாவது கிளெய்ம் மட்டும் இந்த இரண்டிலும் இல்லை. அதற்கு மூன்றாவது ஆதாரத்தைக் காட்டியிருந்தார். கம்பத்துத் தம்பியின் வீடியோ. நான் விண்ணப்பிப்பதற்கு முந்தின ஐப்பசியில் போட்டது. என் பெட்டியின் மூடியைத் திருப்பிக் கேமராவுக்குக் காட்டுகிற இடத்தை அப்படியே படமெடுத்து ஒட்டியிருந்தார். என் படம், என் கையெழுத்து, என் தேதி. லேமினேட் செய்திருந்ததால் பளிச்சென்று இருந்தது. உலகத்திலேயே யாரும் செய்யாத ஒன்றை நான் செய்திருக்கிறேன் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. அதை எனக்கு முன்னால் வெளியிட்ட ஒரே ஆள் நான் என்பதுதான் அவர்களுடைய ஆட்சேபம்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போய்க் காப்புரிமை ஏஜெண்ட் ஒருவரைப் பார்த்தேன். மற்ற கிளெய்ம்களை விட்டுவிடலாம், ஆறாவதைக் காப்பாற்ற ஒரு வாசல் இருக்கிறது என்றார். கண்டுபிடித்தவரிடமிருந்து தெரிந்துகொண்டதை, அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் வெளியிட்டிருந்தால் சட்டம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதாம். உறுதிமொழிப் பத்திரத்தில் நான் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். வீடியோ எடுக்குமுன் அந்த மெக்கானிக் உங்களைக் கேட்டாரா என்றார். கேட்கவில்லை என்றேன். அது உண்மைதான். அந்த அளவுக்கு மட்டும் உண்மை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, அந்த ஒரு உண்மையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்திரத்தில் தம்பியின் பெயரும் கடை விலாசமும் வரும். அவர் பிழைப்பே, யார் பெட்டியையும் அவரை நம்பித் திறக்கக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து களவாடி வீடியோ போட்டார் என்று நானே எழுதிக் கொடுத்தால், அது கம்பத்துக்குப் போய்ச்சேர ஒரு வாரம் கூட ஆகாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், வால்யூம் குமிழைவிடப் பெரிய அந்த ஸ்டிக்கரும் டீக்கடைக்காரர் முகமும்தான் கண்முன் நின்றன. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்திரத்தை ஏஜெண்ட் தட்டச்சு செய்து அனுப்பினார். மனைவியிடம் கொடுத்து, இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா பார் என்றேன். வாசித்துவிட்டு, அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். என் படம் வருகிற இடத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன், அதையும் சத்தமில்லாமல். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து முதலிலிருந்து ஓடவிட்டாள்.

தம்பி மூடியைத் திருப்பிக் காட்டி, அந்த டயோடின் மேல் டெஸ்டரின் நுனியை வைத்தார். “இத நோக்கிக்கோங்க. கரண்டு எறங்கயில பைய எறங்கும், ஏறயில டக்குன்னு ஏறிக்கும். யூனிட்டு போகாது. இது நம்ம தேனி அண்ணே போட்ட டயோடு. இந்த மாதிரி யோசிக்க அண்ணேனாலதான் முடியும்.”

மனைவி அங்கேயே நிறுத்தினாள்.

“யூனிட்டா வெடிச்சுக்கிட்டு இருந்த சித்திரையில ஒருநா சாயங்காலம் இந்தத் தம்பி போன் போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? கையில சால்டரிங் இருக்குன்னு ஸ்பீக்கர்ல போட்டுத்தான பேசுனீக. நான் இங்கனதான் உக்காந்திருந்தேன். பைய எறங்கட்டும், டக்குன்னு ஏறட்டும், குறுக்க ஒரு டயோடு போட்டுப் பாருங்கண்ணேன்னு சொன்னது அந்தத் தம்பி. அதெல்லாம் எனக்குத் தெரியும்னு சொன்னது நீங்க.”

அப்படி நடக்கவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடுவதற்குள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ‘எனக்குத் தெரியும்’ என்று போனை வைத்ததும், வைத்த கையோடு டயோடு டப்பாவைத் தேடியதும், பத்து நிமிடத்தில் அது வேலை செய்ததும், வேலை செய்ததும் தெருவுக்கு வந்து ஒரு டீ சொன்னதும். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் அது என்னுடைய யோசனையாகிவிட்டது. நான் திருட வேண்டும் என்று திருடவில்லை. அவர் சொன்னதைக் கேட்ட ஞாபகத்தையே துடைத்துவிட்டு, யோசனையை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த மனிதரைத்தான் களவாணி என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

மனைவி பத்திரத்தைத் திருப்பித் தந்தாள். இங்கிலீஷ் சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

பத்திரத்தை நான் அனுப்பவில்லை. அனுப்பாமல் வைத்திருக்கிறேன் என்று ஏஜெண்டிடம் சொல்லவும் தைரியமில்லை. ஹியரிங் நாள் வந்தது. வீடியோ காலில்தான். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே கைலி, பட்டறையில் உட்கார்ந்தேன். திரையில் மதுரையிலிருந்து ஏஜெண்ட் ஒரு கட்டத்தில், சென்னையிலிருந்து விசாரிக்கிற அதிகாரி அம்மா ஒரு கட்டத்தில், நான் ஒரு கட்டத்தில். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. முதலில் பிள்ளையார் சுழியைப் பற்றிய ஆட்சேபத்தை எடுத்துக்கொண்டு, இதற்கு விளக்கம் வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். அந்த நிலையிலும் என் புத்தி அப்படித்தான் போனது.

ஆறாவது கிளெய்முக்கு வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. “இந்தப் படத்தை மூடிக்குள்ள ஒட்டினது யாரு?”

ஏஜெண்டின் கட்டத்தில் அவர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பத்திரம் வந்து சேர்ந்திருக்கும் என்று தேடுகிறார் போல. இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் ஏதாவது சமாளித்துவிடுவார் என்று தோன்றியது. அதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

“நாந்தாம்மா ஒட்டுனேன். யாரும் பாக்கலாம்னு அதுலயே எழுதியிருக்கேன். அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. இன்னொண்ணும்மா. அந்த டயோடு யோசனை என்னோடது இல்ல. அதே தம்பி சொன்னதுதான்.”

ஏஜெண்ட் புரட்டுவதை நிறுத்திவிட்டார். அதிகாரி அம்மா, நீங்கள் சொன்னதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார். செய்துகொள்ளுங்கள் என்றேன். வீடியோ கால் முடிந்ததும் எழுந்தேன். கேமரா இன்னும் அணையவில்லை, கைலியோடு முழுவதுமாகத் தெரிந்திருக்கிறேன். அதை ஏஜெண்ட்தான் பிறகு போனில் சொன்னார். திட்டவில்லை.

நிராகரித்து உத்தரவு வந்த அன்று எனக்கு அழுகையே வந்தது. அதை மறைப்பானேன்? ஸ்டிக்கரை ஹீட் கன்னால் சூடு காட்டி ஒவ்வொன்றாக உரித்தேன். எதிரில் டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவராகவே ஒரு டீ கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து விஞ்ஞானி பேச்சை அவர் எடுப்பதில்லை; கிண்டல் செய்திருந்தாலே எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எபாக்ஸி டப்பாவை மூடி மேல் பரணில் போட்டேன். மூடிக்குள் ஒட்டுவதற்குப் புதுப் படம் அச்சடித்தேன். பிள்ளையார் சுழி அப்படியே, குலதெய்வம் அப்படியே. என் கையெழுத்துக்கு மேலே தம்பியின் பெயரையும், டயோடு யோசனை அவருடையது என்று ஒரு வரியையும் சேர்த்தேன். முதல் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ் ஏறினேன். சின்னமனூரில் உட்கார இடம் கிடைத்தது. உத்தமபாளையம் வரைக்கும் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அதற்குப் பிறகு திராட்சைத் தோட்டங்களைப் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தம்பி ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வாங்கண்ணே என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். உறுதிமொழிப் பத்திரம் அடித்து வைத்திருந்ததையும், அதில் அவர் பெயர் இருந்ததையும் சேர்த்தே சொன்னேன். குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “இதுக்கா பஸ் ஏறி வந்தீக? போன்ல சொல்லியிருக்கலாம்லண்ணே” என்றார். அவருக்கு வலித்ததா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். தன் பெயர் இருக்கும் வரியைப் பார்த்தார். கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தார். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

“அண்ணே, டயோடுக்குப் பக்கத்துல இருக்க ரெசிஸ்டர் நாப்பத்தேழு கே வரணும். நாலு புள்ளி ஏழுன்னு போட்டிருக்கீக.”

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நான் முதன்முதலில் என் கையால் செய்த பெட்டியில் நாற்பத்தேழுதான் போட்டேன். படம் வரையும்போது பத்தில் ஒரு பங்காகிவிட்டது. என் ஆட்கள் படத்தைப் பார்த்துத்தான் பெட்டி செய்கிறார்கள். அலை மெதுவாகச் சின்னதாக வேண்டிய இடத்தில் பத்து மடங்கு வேகமாகச் சின்னதாகும், ஜெனரேட்டர் திக்கினால் அதுவும் கூடவே திக்கும். பாட்டு ஆடும். இதே படத்தைத்தான் காப்புரிமைக்கு அனுப்பியிருந்தேன். பரிசோதகர் பார்த்தார், ஏஜெண்ட் பார்த்தார், அதிகாரி அம்மா பார்த்தார். உரிமை கிடைத்திருந்தால், ஆடுகிற பாட்டுக்கு இந்தியா முழுவதும் நான் ஒருவனே சொந்தக்காரனாக இருந்திருப்பேன்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். தன்னிடம் வந்த முதல் பெட்டியிலிருந்தே தெரியும் என்றார். அவரிடம் வந்த என் பெட்டிகளில் எல்லாம், எதற்காக வந்திருந்தாலும், அந்த ரெசிஸ்டரை அவர் காசில் மாற்றிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். கறுப்பு ஊற்றிய பிறகுதான் முடியவில்லையாம். கம்பத்து ஜெனரேட்டர்களின் நல்ல குணம் அவர் கடையில்தான் இருந்திருக்கிறது.

“ஏன் தம்பி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அவர் மிக்ஸியின் திருகாணி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “சொன்னா, அதெல்லாம் எனக்குத் தெரியும்பீகண்ணே.”

அதில் கோபமே இல்லை. மழை வந்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னார். என்ன சொல்வதென்று தேடினேன். ஐம்பது வயதுவரை நான் யாரிடமும் சொல்லியிராத ஒரு வாக்கியம்தான் அந்த இடத்துக்குப் பொருந்தியது.

“எனக்குத் தெரியாது தம்பி” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் படத்தை என்னிடமிருந்து வாங்கி, சட்டைப் பையிலிருந்த பேனாவால் அந்த மதிப்பை அடித்துவிட்டு நாற்பத்தேழு என்று எழுதினார்.